புகையைப் பார்த்தவன் ஏன் போன் பண்ணல?

போன மாசம் மலையடிவாரத்துல ஒரு ஊர்ல கூட்டம், காட்டுத்தீ பத்தி ரெண்டு வார்த்தை பேசுங்க சார்னு கூப்பிட்டாங்க, ரிட்டயர்டு ரேஞ்சருக்கு வேற என்ன வேலை, போனேன். முந்தின வாரம்தான் அவங்க ஊருக்கு மேல இருக்குற கரடு, சின்னக் குன்று, ரெண்டு நாள் எரிஞ்சு அடங்கியிருக்கு. கூட்டம் முடிஞ்சு டீ குடிக்கிறப்ப ஆடு மேய்க்கிற பையன் ஒருத்தன், இருபது வயசு இருக்கும், பக்கத்துல வந்து மெதுவா சொல்றான், "சார், நான் காலைல பதினோரு மணிக்கே புகையைப் பார்த்துட்டேன்." ஏம்ப்பா சொல்லலன்னு கேட்டா, "போன வருசம் எங்க சித்தப்பா ஃபாரஸ்ட் ஆபீஸுக்கு போன் பண்ணாரு சார், வந்தவங்க அவரையே கூட்டிட்டுப் போயி, நீதானடா வெச்சேன்னு பொழுது சாயுற வரைக்கும் உக்கார வெச்சுட்டாங்க."

இப்படி நான் கேக்குறது முதல் தடவை இல்ல. நான் சர்வீஸ்ல இருந்தப்பவே கேட்டிருக்கேன். கோவம் யார் மேலன்னு கேட்டா பாதி என் மேலயேதான், அந்த மாதிரி விசாரணையை நானும் ஒரு காலத்துல பண்ணியிருக்கேன்.

சாட்டிலைட் இருக்கே சார்னு கேப்பீங்க. இருக்கு, நல்ல விசயம், இந்திய வன ஆய்வு நிறுவனம் அனுப்புற தீ எச்சரிக்கை எஸ்எம்எஸ்ஸுக்கு யார் வேணா பதிஞ்சுக்கலாம், பதிஞ்சுக்கோங்க. ஆனா அதுல பெரிசா உதவுற சாட்டிலைட் நம்ம தலைக்கு மேல வர்றது மதியம் ஒன்றரை வாக்குல, அப்புறம் ராத்திரி ஒன்றரை வாக்குல. படத்துல ஒரு புள்ளிங்கிறது தரையில 375 மீட்டர். பதினோரு மணிக்குப் பத்தின தீ அது கண்ணுல படுறதுக்குள்ள, பங்குனி வெயில்ல, காஞ்ச புல்லுல எவ்வளவு தூரம் போயிருக்கும்னு நீங்களே யோசிங்க. அந்தப் பையன் கண்ணுக்கு அது அப்பவே தெரிஞ்சிருச்சு. நாலு பேரு பச்சைக் கொப்பை ஒடிச்சு அடிச்சே அணைச்சிருக்க வேண்டிய தீ.

அடுத்து மூங்கில். ஐயோ இந்த மூங்கில்! எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் யாராவது ஒருத்தர், படிச்சவராத்தான் இருப்பாரு, "மூங்கில் ஒண்ணோட ஒண்ணு உரசித் தீப்பிடிக்கும்ல சார்"னு ஆரம்பிப்பாரு. முப்பது வருசம் காட்டுல சுத்தினவன் நான், ஒரு தடவை கூடப் பார்த்ததில்ல. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, கம்பம் பள்ளத்தாக்குல பேய்க்காத்து அடிக்கிறது ஆனி ஆடியில, தீ வர்றதோ மாசியில இருந்து சித்திரை வரைக்கும். ஆடியில ஈரமா இருக்கும்னு சொல்லுவீங்க, சரி, அப்ப தீ ஏன் எப்பவும் ரோட்டோரத்துல, கோயிலுக்குப் போற பாதையில, பட்டா நிலத்து வரப்புல ஆரம்பிக்குது? மூங்கில் புதருக்கு நடுவுல இருந்துல்ல வரணும்? இடி மின்னலும் இங்க பெரும்பாலும் மழையோடதான் வரும். நம்ம நாட்டுக் காட்டுத்தீ கிட்டத்தட்ட எல்லாமே மனுசன் கையால வந்தது. மூங்கில் மேல பழியைப் போட்டா பீடியைத் தூக்கிப் போட்டவனும், கேம்ப் ஃபயர் போட்டுட்டு அணைக்காமப் போன டூரிஸ்ட்டும் நிம்மதியாத் தூங்கலாம், அவ்வளவுதான்.

ஆனா மனுசன் வெச்ச தீன்னு சொன்ன உடனே எல்லாரும் திரும்பிப் பாக்குறது ஆடு மேய்க்கிறவனையும் பழங்குடி ஊரையும்தான். கடுக்காய் பொறுக்குற பாதையில யாரும் தீயே வெக்கிறதில்லன்னு நான் சொல்லல, வெக்கிறவங்க உண்டு. ஆனா அவங்களுக்குத் தெரிஞ்ச தீ வேற. கர்நாடகாவுல பிலிகிரிரங்கன் மலையில சோளகர்னு ஒரு பழங்குடி மக்கள் சருகை மட்டும் மெல்ல எரிய விடுற ஒரு வழக்கம் வெச்சிருந்தாங்க, 'தரகு பெங்கி'ன்னு பேரு. கோடை முத்துறதுக்கு முன்னாடியே, தை மாச வாக்குல. சரணாலயம் வந்த பிறகு அதுக்குத் தடை. அதுக்கப்புறம்தான் உண்ணிச்செடி, லாண்டனாங்கிற முட்புதர், மலை முழுக்க மண்டிப்போச்சுன்னு அந்த ஊர்ப் பெரியவங்க இன்னைக்கும் சொல்லிட்டிருக்காங்க. உண்ணிப் புதருக்குள்ள தீ புகுந்தா கால் உயரத் தீ மரத்து உச்சிக்கு ஏறிரும், அங்க கொப்பை வெச்சு அடிக்கிறதெல்லாம் நடக்காது. 2011ல அதே சோளகர்களுக்கு, புலிகள் காப்பகமா ஆன அந்தக் காட்டுலயே சமூக வன உரிமை, அதாவது ஊரே சேர்ந்து காட்டைப் பயன்படுத்திப் பாதுகாக்குற உரிமை, கிடைச்சது. 2006 வன உரிமைச் சட்டமே காட்டைப் பாதுகாக்குறது கிராம சபையோட உரிமை, பொறுப்பும் கூடன்னு சொல்லுது. நம்ம டிபார்ட்மென்ட் ஆளுங்க அந்தப் பக்கத்தைப் புரட்டுறதே இல்ல.

தேனிப் பக்கம் குரங்கணியை மறந்திருக்க மாட்டீங்க. 2018 மார்ச் 11, மலையேறப் போனவங்க தீயில மாட்டி, 23 பேரு செத்தாங்க. ஹெலிகாப்டர், கமாண்டோ எல்லாம் வந்தாங்க, ஆனா அந்த மலையை இருட்டுல ஏறத் தெரிஞ்சது ஊர்க்காரங்களுக்குத்தான். 2024ல குன்னூர்ல சூலூர் விமானப்படை ஹெலிகாப்டர் பக்கெட்ல தண்ணி மொண்டு ஊத்துனதை டிவியில பார்த்துட்டு இனி கவலையில்லைன்னு நினைக்காதீங்க, மேல இருந்து ஊத்தினாலும் கீழ ஆள் நின்னு தணலை மிதிச்சு மண்ணைத் தள்ளணும், இல்லன்னா மறுநாள் திரும்பப் பத்திக்கும்.

இப்ப ஊர்க்காரங்களுக்கு. தீயணைக்கப் போறீங்களா, நைலான் சட்டையைக் கழட்டிட்டு பருத்திச் சட்டை போடுங்க, ரப்பர் செருப்போட போகவே போகாதீங்க, உருகிக் கால்ல ஒட்டிக்கும், பார்த்திருக்கேன். தீ மேட்டைப் பாத்து வேகமா ஏறும், அதனால தீக்கு மேல நிக்காதீங்க, ஓடைப் பள்ளத்துக்குள்ள இறங்காதீங்க. தப்பிக்க வழி வேணும்னா ஏற்கெனவே எரிஞ்சு கருகின இடம்தான். எதிர்த்தீ, அதான் வர்ற தீக்கு முன்னாடியே நாமளா எரிச்சு வழி மறிக்கிறது, அதெல்லாம் நீங்களா வெக்காதீங்க, அனுபவப்பட்ட ஃபாரஸ்ட் கார்டே பயந்து பயந்துதான் வெப்பான். வரப்பைக் கொளுத்தணுமா, பங்குனி மத்தியானம்தான் கிடைச்சுதா உங்களுக்கு? டூரிஸ்ட்டுக்கு நான் சொல்ல ஒண்ணுதான் இருக்கு, தீப்பெட்டியை வீட்டுல வெச்சுட்டு வாங்க.

டிபார்ட்மென்ட் தம்பிகளே, உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன். ஃபயர் லைன், அதான் தீ தாண்டாம இருக்கப் புல்லு சருகை நீக்குற பட்டை, அதை வெட்டுற வேலையை அந்தந்த ஊருக்கே கொடுங்க, வெட்டினவன் அதைக் காப்பாத்துவான். தீக் காவலுக்கு நிக்கிற ஃபயர் வாட்சருக்குக் கூலியைத் தீ சீசன் முடியுறதுக்குள்ள கொடுங்க, ஷூ கொடுங்க. போன் பண்ணவனுக்கு முதல்ல நன்றி சொல்லுங்க, விசாரணையை அப்புறம் வேற ஆள்கிட்ட வெச்சுக்கலாம்.

அந்தப் பையன்கிட்ட என் நம்பரைக் கொடுத்துட்டு வந்திருக்கேன். புகை தெரிஞ்சா எனக்கு அடி, எந்தக் கரடு, எந்தப் பக்கம், காத்து எப்படின்னு மட்டும் சொல்லு, உன் பேரு வெளிய வராது, நான் ஆபீஸுக்குச் சொல்லிக்கிறேன்னு. முந்தாநேத்து ஒரு மிஸ்டு கால் வந்துச்சு. பதறியடிச்சுத் திருப்பிக் கூப்பிட்டா, "ஒண்ணுமில்ல சார், நம்பர் வேலை செய்யுதான்னு பாத்தேன்"ங்கிறான்.