சொல் விளக்கம்: சைபர் த்ரெட் மாடலிங்

த்ரெட், வல்னரபிலிட்டி, ரிஸ்க். கணினிப் பாதுகாப்பில் இவை மூன்றும் வேறு வேறு. தமிழில் எழுதும்போது மூன்றையும் 'ஆபத்து' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். குழப்பமே அங்கிருந்துதான் வருகிறது.

த்ரெட் என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் கூட்டம், நெருக்குதல் என்று பொருள். மிரட்டல் என்ற பொருளும் உண்டு. தமிழில் 'அச்சுறுத்தல்'. அச்சுறு என்பதன் பிறவினை அச்சுறுத்து, அதாவது அஞ்சச் செய். இத்துறையில் யாரும் அஞ்சியாக வேண்டும் என்பதில்லை. தீங்கு விளைவிக்கக்கூடிய எதுவும் அச்சுறுத்தலே, சர்வர் அறைக்குள் புகும் வெள்ளம் உட்பட. வல்னரபிலிட்டிக்கு வேர், காயம் எனப் பொருள்படும் லத்தீன் சொல். பேச்சில் 'ஓட்டை' என்கிறோம். எழுத்தில் 'பலவீனம்' போதும். அச்சுறுத்தல் அந்தப் பலவீனத்தைப் பயன்படுத்திக்கொள்ள எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு இழப்பு என்ற கணக்குத்தான் ரிஸ்க், தமிழில் 'இடர்'.

சைபர், சுக்கான் பிடிப்பவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. 1948-இல் வெளியான நூலில் கணிதவியலாளர் நார்பர்ட் வீனர், இயந்திரங்களிலும் உயிர்களிலும் கட்டுப்பாட்டை ஆராயும் தம் துறைக்கு சைபர்நெட்டிக்ஸ் என்று பெயரிட்டார். சைபரை 'இணைய' என்று பெயர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. 2010-இல் கண்டறியப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல், இணைய இணைப்பே இல்லாத கணினிகளுக்கும் பென் டிரைவ் வழியே பரவும்படி எழுதப்பட்டிருந்தது. 'மின்வெளி அச்சுறுத்தல்' என்பதே பொருந்தும்.

அச்சுறுத்தல்களை வகைப்படுத்துவதில் பெரிதும் புழங்குவது ஸ்டிரைட் (STRIDE); ஆறு வகைகளின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்த சொல். மைக்ரோசாஃப்ட்டில் லோரன் கோன்ஃபெல்டரும் பிரேரித் கார்கும் 1999-இல் வகுத்தது. ஆள்மாறாட்டம், தரவுத் திரிப்பு, மறுதலிப்பு, தகவல் கசிவு, சேவை முடக்கம், அதிகார மீறல் என ஆறு வகை.

மாடலிங்குக்கு 'மாதிரியமைப்பு' என்பேன். ஓர் அமைப்பைப் படமாக வரைந்து, அதில் எங்கே என்ன அச்சுறுத்தல் வரலாம் என்று முன்கூட்டியே தேடுவதுதான் த்ரெட் மாடலிங். கைபேசிச் செயலிக்கு ஒரு கட்டம், வங்கி சர்வருக்கு ஒரு கட்டம், நடுவே 'பணம் அனுப்பு' என்று ஓர் அம்புக்குறி. நம்பிக்கை மாறும் இடத்தில், அதாவது வந்து சேர்வதைச் சரிபார்க்காமல் நம்பக்கூடாத இடத்தில், அம்பை வெட்டியபடி ஒரு புள்ளிக்கோடு: அதுதான் நம்பிக்கை எல்லை. அந்த எல்லையில் ஆறு வகையையும் ஒவ்வொன்றாக வைத்துக் கேட்க வேண்டும். அனுப்புபவர் கணக்குக்காரர்தானா? வழியில் தொகை மாற முடியுமா? பலரும் தவறவிடுவது மறுதலிப்பை. 'நான் அனுப்பவே இல்லை' என்று நாளை அவர் சொன்னால் காட்டுவதற்குப் பதிவு இருக்கிறதா? பதிவு இல்லையென்றால் அவர் சொல்வது பொய் என்று வங்கியாலும் நிறுவ முடியாது. உண்மை என்று அவராலும் நிறுவ முடியாது.