ஆட்டிசம்: பெயரிலேயே தொடங்கும் பிழை

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் ஏழு வயதுப் பையன். அம்மா மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பவில்லை. ரெட்டிச்சாவடி தாண்டியதும், ஜன்னலைப் பார்க்காமலேயே, “கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம்” என்று வரிசை பிசகாமல் சொன்னான். ஏர்ஹாரன் அடித்ததும் காதுகளை இறுகப் பொத்திக்கொண்டான். அம்மாவின் ஃபைலில் இருந்த தாளில், ஆட்டிசத்துக்குத் தமிழில் ‘புற உலகச் சிந்தனையற்ற’ என்று அச்சிட்டிருந்தது. “இவனுக்கு வெளியுலகமே தெரியாதுன்னு எழுதியிருக்காங்களே, இது சரிங்களா?” என்றார்.

சரியில்லை. அந்தப் பிழைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது.

‘ஆட்டோஸ்’ என்றால் கிரேக்கத்தில் ‘தான்’. நம் தெருவில் ஓடும் ஆட்டோவின் பெயரும் இந்த வேரிலிருந்து வந்ததுதான்: தானே இயங்குவது. சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஆய்கன் ப்ளாய்லர், மனச்சிதைவு உள்ளவர்கள் தமக்குள்ளேயே ஒடுங்கிப்போவதைக் குறிக்க இதிலிருந்து ‘ஆட்டிசம்’ என்ற சொல்லை உண்டாக்கினார். 1911-இல் வந்த அவரது நூலில் அது இருக்கிறது. 1943-இல் அமெரிக்காவில் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியபோது அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார். பொருள் மாறிவிட்டது, பெயர் அப்படியே தங்கிவிட்டது. ஆட்டிசம், மூளை வளரும் விதத்தில் பிறவியிலேயே அமையும் வேறுபாடு என்பதுதான் இன்றைய புரிதல். மரபணுக்களுக்கு அதில் பெரும்பங்கு உண்டு.

தமிழ்ப் பெயர்களிலும் பழைய கருத்துகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ‘தன்முனைப்புக் குறைபாடு’ என்று சிலர் எழுதுகிறார்கள். தன்முனைப்பு என்றால் நமக்கு அகங்காரம். பிள்ளைக்குத் திமிர் என்றுதானே பெற்றவள் காதில் விழும்? ‘மதியிறுக்கம்’ பரவலாகிவிட்டது. ஆனால் மதி என்றால் அறிவு. ஆட்டிசம் உள்ள எல்லாருக்கும் அறிவுத்திறன் குறைவதில்லை. ‘புற உலகச் சிந்தனையற்ற’ என்பதற்கு அந்தப் பையனின் ஊர் வரிசையே பதில். புற உலகம் அவனுக்குள் அளவுக்கு மிஞ்சிப் புகுவதால்தான் காதைப் பொத்தினான்.

ஆட்டிசம் பற்றி எதைப் படித்தாலும், எந்தக் காலத்துக் கருத்து இது என்று முதலில் பார்க்கிறேன். தாயின் பாசக்குறைவே காரணம் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னார்கள். எத்தனையோ தாய்மாரை அழவைத்த அந்தக் கருத்து பொய்யென்று நிரூபணமாகிவிட்டது. தடுப்பூசிதான் காரணம் என்ற பேச்சைப் பெரிதாகக் கிளப்பியது 1998-இல் வந்த, 12 குழந்தைகளை வைத்து எழுதிய ஒரு கட்டுரை. அதை வெளியிட்ட ‘லான்செட்’ மருத்துவ இதழே 2010-இல் அதைத் திரும்பப் பெற்றது. வாட்ஸ்அப்பில் மட்டும் அது இன்னும் சுற்றுகிறது. அடுத்து, சொல்பவர் எதையாவது விற்கிறாரா என்று பார்ப்பேன். ‘முழுக் குணம்’ என்ற சொல் வந்தாலே எனக்குச் சந்தேகம்தான். பேச்சுப் பயிற்சியும் அன்றாடச் செயல்களுக்கான பயிற்சியும் பிள்ளைக்குக் கைகொடுக்கும். ஆட்டிசத்தை நீக்கும் மருந்து கிடையாது.

அப்படியானால் எந்தச் சொல்? தமிழில் புதிதாய் ஒரு நல்ல சொல் பிறந்தால் மகிழ்வேன். அதுவரை ‘ஆட்டிசம்’ என்றே எழுதுவேன். சான்றிதழில் ‘மதியிறுக்கம்’ என்றிருந்தால் சலுகைக்காக அதை வைத்துக்கொள்ளலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் இதுவும் ஒன்று. நோய், நோயாளி என்ற சொற்கள் வேண்டாம். அந்த அம்மாவிடமும் இதைத்தான் சொன்னேன்: “யாராவது கேட்டா, பையனுக்கு ஆட்டிசம் இருக்குன்னு சொல்லுங்கம்மா, போதும்.”