திரையில் இருக்கிறது, தேடலில் இல்லை

ஒரு நூலகத்தின் பழைய புத்தகங்களைப் பட்டியலிட, வேர்ட்பிரஸ் என்ற வலைத்தள மென்பொருளில் தளம் அமைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு, அறிமுகம் ஆகியவற்றோடு பதிப்பகம், பதிப்பாண்டு, பக்கங்கள், நன்கொடையாளர் என்று நீங்களே சில புலங்களைச் சேர்க்கிறீர்கள். நூலின் பக்கத்தைத் திறந்தால் ‘பதிப்பாண்டு: 1962’ என்று பளிச்சென்று தெரிகிறது. தேடல் பெட்டியில் 1962 என்று அடித்தால் அந்த நூல் வருவதில்லை.

தளத்தில் கோளாறு ஏதுமில்லை. வேர்ட்பிரஸின் இயல்பான தேடல் தலைப்பு, சுருக்கம், உள்ளடக்கம் ஆகிய மூன்றில்தான் சொல்லைத் தேடும். நீங்கள் சேர்த்த புலங்களோ ‘போஸ்ட்மெட்டா’ என்ற தனி அட்டவணைக்குப் போய்விடுகின்றன. அங்கே இருப்பவை நான்கே நெடுவரிசைகள்: வரிசை எண், பதிவின் எண், புலத்தின் பெயர், அதன் மதிப்பு. பதிப்பகமோ ஆண்டோ, எல்லாம் கடைசி நெடுவரிசையில் வெறும் எழுத்துகளாகவே கிடக்கும். எவரும் எப்போதும் புதுப் புலம் சேர்க்க முடிவது இந்த எளிமையால்தான். தேடும்போது அதுவே இடைஞ்சலாகிறது.

அந்த அட்டவணையிலும் தேடச் சொல்லிச் சில வரி நிரல் எழுதலாம். சில நூறு பதிவுகளுக்கு அதுவே போதும். ஆனால் பதிவெண்ணுக்கும் புலப்பெயருக்கும் அடைவு, அதாவது எது எங்கே என்று காட்டும் பட்டியல், வைத்திருக்கும் வேர்ட்பிரஸ், மதிப்புக்கு வைக்கவில்லை. ஒரு சொல்லைக் கண்டுபிடிக்கத் தரவுத்தளம் வரி வரியாகப் படித்தாக வேண்டும். மூன்று புலங்களுக்கு நிபந்தனை வைத்தால் அதே அட்டவணையை மூன்று முறை இணைக்க வேண்டும். எண்களிலும் வம்பு வரும். எழுத்தாக ஒப்பிட்டால் 95 பக்க நூல் 240 பக்க நூலுக்குப் பின்னால் நிற்கும். 2-க்குப் பிறகுதானே 9 வருகிறது!

பழந்தமிழ் நூற்பதிப்புகளின் கடைசியில் சொல்லடைவு பார்த்திருப்பீர்கள். சொல், அதற்கு எதிரே அது வரும் இடங்கள். தேடுபொறிகளின் உயிர்நிலை அதுதான். டக் கட்டிங் உருவாக்கிய லூசீன் என்ற மென்பொருள் இப்படிப்பட்ட அடைவைத்தான் கட்டுகிறது. சோலர், எலாஸ்டிக்சர்ச் என்ற தேடுபொறிகள் லூசீனின் மேல் எழுந்தவை. நம் புலங்களை அங்கே அனுப்பிவிட்டால், தேடும் நேரத்தில் எதையும் புரட்ட வேண்டியதில்லை.

அனுப்புமுன் ஒவ்வொரு புலத்தின் தன்மையையும் நாம் சொல்லியாக வேண்டும். என் பார்வையில் வேலையின் பெரும்பகுதி இதுதான். ‘பாரி நிலையம்’ என்ற பெயரைச் சொற்களாக வெட்டி வைத்தால் ‘பாரி’ என்று தேடுபவருக்குக் கிடைக்கும். பக்கவாட்டில் பதிப்பக வாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டுமானால் பெயரை வெட்டக்கூடாது. வெட்டினால் ‘நிலையம்’ என்றொரு பதிப்பகம் முளைத்துவிடும். ஆகவே ஒரே புலத்தை இரு விதமாகவும் வைப்பார்கள். ஆண்டை எண்ணாக வைத்தால்தான் 1950 முதல் 1965 வரை என்று முறையாகக் கேட்க முடியும்.

தன்மையைச் சொல்லாமல் விட்டால் எலாஸ்டிக்சர்ச் தானே ஊகிக்கும். முதல் நூலின் ஆண்டு 1962 என்று எண்ணாக வந்தால் அந்தப் புலம் எண்களுக்கானது என்று முடிவாகிவிடும். பிறகு ‘சுமார் 1962’ என்று ஒரு நூல் வந்தால், அந்த நூலையே அடைவில் ஏற்க மறுத்துவிடும். புலத்தின் வகையைப் பின்னர் மாற்றவும் முடியாது. புதிய அடைவு ஒன்றைக் கட்டி எல்லாப் பதிவுகளையும் மறுபடி ஏற்ற வேண்டும்.

தமிழுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். ‘கொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியை, கணினி எழுத்துகளுக்கான குறியீட்டு முறையான யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்த இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு வேறு. அடைவில் ஏற்றுமுன்பே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராவிட்டால் ‘கொற்கை’ ஒரு பாதி நூல்களில் மட்டும் கிடைக்கும். ‘மதுரையில்’ என்பதை ‘மதுரை’யோடு சேர்த்துப் பார்க்க விகுதி நீக்கும் நிரல் வேண்டும், அத்தகைய நிரல்களின் தொகுப்பான ஸ்னோபாலில் தமிழுக்கும் ஒன்று இருக்கிறது.

எல்லாப் புலங்களையும் ஒட்டுமொத்தமாக ஏற்றிவிடவும் கூடாது. வேர்ட்பிரஸில் அடிக்கோட்டில் தொடங்கும் பெயருள்ள புலங்கள் திருத்தும் திரையில் தெரிவதில்லை என்றாலும், அவையும் அதே அட்டவணையில்தான் இருக்கின்றன. நன்கொடையாளரின் தொலைபேசி எண்ணை அப்படி ஒரு புலத்தில் போட்டிருந்தீர்களானால், அந்த எண்ணைத் தேடுகிறவருக்கு அவர் கொடுத்த நூல்கள் அத்தனையும் வரிசையாக வந்து நிற்கும்.