சொல் விளக்கம்: கிளிஃப்

லினக்ஸில் ஸ்கிரைபஸ் என்ற மென்பொருள் கொண்டு பக்கம் வடிவமைத்து பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்யப் போனால், சில நேரம் முன்சோதனைச் சாளரம் எழுந்து ‘கிளிஃப் இல்லை’ என்று எச்சரிக்கும். எழுத்து விடுபட்டிருக்கிறது என்று எண்ணிப் பலரும் தட்டச்சில் பிழை தேடுகிறார்கள். பிழை எழுத்துருவில் இருக்கிறது: அந்த எழுத்துக்கான உருவம், அதாவது கிளிஃப், அதில் இல்லை.

கிளிஃப் கிரேக்க வேரிலிருந்து வந்த சொல். ‘கிளுஃபீன்’ என்றால் செதுக்குதல். எகிப்தின் ஹீரோகிளிஃப், ‘புனிதச் செதுக்கு’. 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தபோது கட்டடக் கலையில் செங்குத்தாக வெட்டிய பள்ளத்தைக் குறித்தது. எழுத்தின் உருவத்துக்கு ஆகிவந்தது பிறகுதான். நம் ‘எழுது’வுக்கும் வரைதல் என்ற பொருள் உண்டு. கண்ணுக்கு மை எழுதினார்கள், தோளில் தொய்யில் என்ற கோலம் எழுதினார்கள்.

கணினியில் இது என்ன செய்கிறது? ‘கொ’ நமக்கு ஓர் எழுத்து. யூனிகோடில் ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு குறிகள். பக்கத்தில் விழுவதோ ஒற்றைக்கொம்பு, க, கால் என மூன்று கிளிஃப். ‘கு’வில் நேர்மாறு: குறி இரண்டு, கிளிஃப் பெரும்பாலும் ஒன்றே. எந்தக் குறிக்கு எந்தக் கிளிஃப், எந்த வரிசையில் என்று முடிவுசெய்து தருவது ஹார்ஃப்பஸ் என்ற நிரலகம். ஸ்கிரைபஸ் 1.4 வரிசையில் அது கிடையாது. ‘கெ’ தட்டினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அதில் எழுத்துருவை மாற்றிப் பயனில்லை, 2024-இல் வந்த 1.6-க்கு மாறுவதே வழி.

ஓபன்டைப் எழுத்துருக்களில் 0-ஆம் எண் கிளிஃப் ‘இல்லாததற்கு’ என்றே ஒதுக்கப்பட்டது. அச்சில் நம்மை எரிச்சலூட்டும் வெற்றுக் கட்டம் அதுதான். கட்டளைகள் எழுதிப் பக்கம் கோக்கும் ஸீலேடெக்கில் இன்னும் கவனம் வேண்டும். அதன் இயல்பு எழுத்துருவான லாட்டின் மாடர்னில் தமிழ் இல்லை. தமிழ் எழுத்துருவைக் குறிப்பிட மறந்தாலும் பிடிஎஃப் தடையின்றி உருவாகிவிடும், குறை பதிவுக் கோப்பில் ஓர் எச்சரிக்கை வரியாக மட்டும் கிடக்கும்.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘எழுத்துரு’ ஃபாண்டுக்கு நிலைத்துவிட்டது. ‘எழுத்து’ என்றால் குழப்பம் தொடரும். நன்னூல் எழுத்தை ஒலியாக வரையறுத்துவிட்டு, ‘தொல்லை வடிவின எல்லா எழுத்தும்’ என்று உருவத்துக்கு வடிவு என்ற சொல்லைத் தனியே ஆள்கிறது. ஒலிவடிவம், வரிவடிவம் என்ற பிரிவு இலக்கண வகுப்பிலிருந்தே நமக்குப் பழக்கம். ஆகவே கிளிஃபுக்கு வரிவடிவம் என்பதே என் தேர்வு. புதிதாக எதையும் படைக்க வேண்டியதில்லை.

இந்தப் பிரிவு மனத்தில் இருந்தால் இன்னொரு தொல்லையும் விளங்கும். பிடிஎஃப் பார்வைக்குச் சரியாக இருக்கும். ‘கொடி’ என்று தேடினால் அகப்படாது, நகலெடுத்து ஒட்டினால் ‘ெகாடி’ என்று விழும். பிடிஎஃப் பக்கத்தில் இருப்பவை வரிவடிவங்கள், அதுவும் கண்ணுக்குத் தெரியும் வரிசையில். மூல எழுத்துகளையும் கூடவே சேர்க்க, ஸீலேடெக்கின் அடித்தளமான ஸீடெக்கில் ‘ஆக்சுவல்டெக்ஸ்ட்’ வசதி உண்டு. இயல்பாக அது அணைந்திருக்கும், ஆவணத்தின் முகப்பில் நாமே இயக்க வேண்டும்.