கீழ்த்தாடை முறிவு: பல் சேரும் விதமே அளவுகோல்

மோவாயில் அடிபட்டு வருபவரிடம் வாய், முக அறுவை சிகிச்சை நிபுணர் முதலில் கேட்கும் கேள்வி சிறியது: “பல்லைக் கடித்துப் பாருங்கள், வழக்கம்போல் சேர்கிறதா?” பல்லிடுக்கில் ஒற்றைத் தலைமுடி மாட்டினாலே உணர்ந்துவிடுகிறோம். பல்லின் வேரைச் சுற்றியுள்ள நார்ப்படலத்தில் இருக்கும் அழுத்த உணர்விகள் அவ்வளவு நுட்பமானவை. கீழ்த்தாடை கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் அடிபட்டவருக்கு அது தெரியும். கண்ணாடியில் தெரியாது, சில சமயம் எக்ஸ்ரேயிலும் தெரியாது. “கடி மாறிவிட்டது” என்று அவர் சொன்னால், முறிவு இல்லை என்று உறுதியாகும்வரை இருப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கீழ்த்தாடை இரு பாதிகளாக உருவாகி, குழந்தையின் முதல் வயதில் மோவாய் நடுவில் இணைந்து ஒரே எலும்பாகிறது. இரு முனைகளும் மேலேறி, காதுக்குச் சற்று முன்னால் மூட்டுக் குமிழ்களாக மண்டையோட்டில் பொருந்துகின்றன. இரு பக்கமும் மாட்டியிருப்பதால் நடைமுறையில் இது ஒரு மூடிய வளையம். கண்ணாடி வளையல் ஓரிடத்தில் மட்டும் உடைவது அரிது, தாடையும் அப்படித்தான். ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறிவுகள் இருக்கும். இடது கன்னத்தில் குத்து விழுந்தால் அங்கே ஒரு முறிவு, வலது மூட்டுக் குமிழின் கழுத்திலோ தாடைக் கோணத்திலோ (காதுக்குக் கீழே தாடை வளைந்து மேலேறும் மூலை) இன்னொன்று. எனவே ஒரு முறிவைக் கண்டுபிடித்ததும் தேடலை நிறுத்தக் கூடாது. தவறவிடப்படும் முறிவுகளில் பல இந்த ‘இரண்டாவது’ முறிவுகளே.

மோவாய் தரையில் மோதினால் விசை இரு பக்கமும் ஏறி இரண்டு குமிழ்களையும் ஒடிக்கலாம், நடுவிலும் விரிசல் விடலாம். அணிவகுப்பில் நெடுநேரம் நின்று மயங்கி முகங்குப்புற விழும் வீரர்களிடம் காணப்பட்டதால் இதற்குக் ‘காவலர் முறிவு’ என்றே பெயர் வந்தது. மோவாய்க்கு அடியில் கிழிந்து தையல் போட அழைத்துவரப்படும் குழந்தைக்கும் இதே விதி. தையலோடு அனுப்பிவிடாமல், காதுக்கு முன்னால் விரல் வைத்து மூட்டை அழுத்திப் பார்க்க வேண்டும், வாயைத் திறக்கச் சொல்லிக் கவனிக்க வேண்டும்.

முறியும் இடங்கள் தற்செயலானவை அல்ல. குமிழின் கழுத்து மெல்லியது. அது ஒடிவது ஒரு வகையில் பாதுகாப்பு. இல்லையேல் குமிழ் மேலே பாய்ந்து மூளையிருக்கும் குழிக்குள் நுழைந்துவிடும். தாடைக் கோணத்தில் முளைக்காமல் புதைந்து கிடக்கும் ஞானப்பல், எலும்பின் இடத்தை எடுத்துக்கொண்டு அவ்விடத்தைப் பலவீனமாக்குகிறது. கோரைப்பல்லின் வேர் நீளமானது என்பதால் மோவாயின் பக்கவாட்டும் அப்படியே.

சாலை விபத்து, கைகலப்பு, விழுதல், விளையாட்டு ஆகியவை வழக்கமான காரணங்கள். தலையை மட்டும் மூடும் ஹெல்மெட் தாடையைக் காப்பதில்லை. மோவாய்ப் பகுதியையும் மூடும் முழு ஹெல்மெட்தான் காக்கும். அடியே இல்லாமல், மெல்லும்போது தாடை முறிந்தால் எலும்புக்குள் நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்: பெரிய நீர்க்கட்டி, புற்றுநோய், நாள்பட்ட சீழ், கதிர்வீச்சுச் சிகிச்சையால் இறந்த எலும்பு. ஆழத்தில் புதைந்த ஞானப்பல்லை எடுத்த சில வாரங்களுக்குள் கடினமானதைக் கடித்து முறித்துக்கொள்பவர்களும் உண்டு.

முறிந்த பின் துண்டுகள் எங்கே போகும் என்பதைத் தீர்மானிப்பவை தசைகள். கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் இருக்கும் மெல்லும் தசைகள் தாடையின் பின்பகுதியை மேலே இழுக்கும். மோவாயின் உட்புறத்தில் ஒட்டியுள்ள தசைகள் முன்பகுதியைக் கீழேயும் பின்னேயும் இழுக்கும். முறிவுக்கோட்டின் சாய்வு இந்த இழுப்புக்கு எதிராக இருந்தால் துண்டுகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். இழுப்புக்கு இணங்க இருந்தால் விலகிக்கொண்டே போகும்.

இந்த இழுப்பு உயிரைப் பறிக்கக்கூடிய சூழல் ஒன்று உண்டு. மோவாயின் இரு பக்கமும் முறிந்தால் நாக்கைப் பிடித்து நிறுத்தும் நடுத்துண்டு தளர்ந்துவிடும். அவரை மல்லாக்கப் படுக்கவைத்தால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப்பாதையை அடைக்கும். நினைவோடு இருப்பவர் உட்கார்ந்து முன்னால் குனியவே விரும்புவார்; அவரை வற்புறுத்திப் படுக்கவைக்கக் கூடாது. நினைவிழந்தவரைக் கழுத்து அசையாமல் பக்கவாட்டில் திருப்பி, வாயிலுள்ள இரத்தத்தையும் உடைந்த பல்லையும் வெளியேற்ற வேண்டும். தாடையை உடைக்கும் விசை கழுத்தெலும்பையும் காயப்படுத்தியிருக்கலாம் என்பது எப்போதும் நினைவில் இருக்க வேண்டும். விழுந்த பல்லின் கணக்கும் முக்கியம்: கையில் கிடைக்காத பல் நுரையீரலுக்குள் போயிருக்கலாம், அதற்கு மார்பு எக்ஸ்ரே தேவை. முழுதாகக் கிடைத்த நிரந்தரப் பல்லை வேரைத் தொடாமல் எடுத்துப் பாலில் போட்டு உடனே கொண்டுபோனால் மீண்டும் பொருத்த வாய்ப்புண்டு.

கண்டறிவது எப்படி

பரிசோதனையில் பாதி நோய் தெரிந்துவிடும். கீழ் உதடும் மோவாயும் ஒரு பக்கம் மரத்திருந்தால், தாடை எலும்புக்குள் ஓடும் உணர்வு நரம்பின் பாதையில் முறிவு இருக்க வாய்ப்பு அதிகம். கோணத்துக்கு மேலே உட்பக்கமாக எலும்புக்குள் நுழையும் அந்த நரம்பு, முன்கடைவாய்ப் பற்களுக்குக் கீழேயுள்ள சிறு துளை வழியாக வெளியே வருகிறது. அதற்கு முன்னாலோ மூட்டுக் குமிழிலோ முறிந்தால் மரத்துப்போகாது. நாக்கைத் தூக்கச் சொன்னால் வாயின் அடித்தளத்தில் நீலம் பாரித்த இரத்தக்கட்டு தெரிவது முறிவுக்கு வலுவான அடையாளம். ஈறு கிழிந்திருப்பது, பல்வரிசையில் திடீரென்று ஒரு படி இறங்கியிருப்பது, அடுத்தடுத்த இரண்டு பற்கள் தனித்தனியே அசைவது ஆகியவையும் அப்படியே.

வாயைத் திறக்கும்போது மோவாய் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் நிறையச் செய்தி இருக்கிறது. ஒரு குமிழ் ஒடிந்திருந்தால் அந்தப் பக்கம் முன்னால் நகராது. ஆகவே மோவாய் அடிபட்ட பக்கமே திரும்பும். மூட்டு நழுவியிருந்தால் நேர்மாறு, மோவாய் நல்ல பக்கம் ஒதுங்கும். இரண்டு குமிழ்களும் ஒடிந்தால் தாடையின் பின்பகுதி மேலேறிக் கடைவாய்ப் பற்கள் முந்திக்கொண்டு மோதும், முன்பற்கள் சேராமல் இடைவெளி விடும். காதிலிருந்து வரும் இரத்தமும் குமிழ் பின்னால் மோதிக் காதுத்துளையின் முன்சுவரைக் கிழித்ததால் வந்திருக்கலாம். ஆனால் மண்டையோட்டின் அடிப்பகுதி முறிவும் அதே இடத்தில் இரத்தம் காட்டும் என்பதால் அதை விலக்காமல் நிம்மதி அடைய முடியாது.

எளிய சோதனை ஒன்று: நாக்கை அழுத்திப் பார்க்கும் மரப்பட்டையை ஒரு பக்கக் கடைவாய்ப் பற்களால் இறுகக் கடிக்கச் சொல்லி, மருத்துவர் அதை முறியும்வரை முறுக்குவார். இரு பக்கமும் பட்டை உடையும்வரை பிடித்திருக்க முடிந்தால் தாடை முறிந்திருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. வலியால் நடுவில் வாயைத் திறந்துவிட்டால் படம் எடுக்க வேண்டும்.

முழுத் தாடையையும் ஒரே படத்தில் விரித்துக் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே நல்ல தொடக்கம். அதில் நடு மோவாய்ப் பகுதியின் மேல் முதுகெலும்பின் நிழல் விழுவதால் அங்குள்ள விரிசல் மறைந்துவிடலாம். அதனால் நேர்முகப் படமும் சேர்த்து எடுப்பார்கள். சி.டி. ஸ்கேன் இருக்கும் இடத்தில் அதுவே மேலானது. குமிழ் எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கிறது என்பதை அதுதான் தெளிவாகச் சொல்லும்.

சிகிச்சை

விலகாத, கடி மாறாத முறிவுக்குச் சில வாரங்கள் மென்மையான உணவும் கண்காணிப்பும் போதும். மற்றவற்றில் இலக்கு ஒன்றுதான்: பற்களை அடிபடுவதற்கு முந்தைய நிலையில் சேர்ப்பது. பல் சரியாகப் பொருந்தினால் எலும்பு ஏறக்குறைய தானே இடத்துக்கு வந்துவிடும். எலும்பு மட்டும் அழகாகப் பொருந்திப் பல் பொருந்தாவிட்டால் சிகிச்சை தோற்றதாகவே பொருள். அறுவை சிகிச்சையில் மயக்க மருந்துக் குழாய் பெரும்பாலும் மூக்கு வழியாகச் செல்வதும் இதற்காகத்தான். வாயில் குழாய் இருந்தால் பற்களைச் சேர்த்துப் பார்க்க முடியாது.

பற்கள் உள்ள பகுதியில் விழும் முறிவு, தோல் கிழியாவிட்டாலும், பல்லைச் சுற்றியுள்ள இடுக்கு வழியாக வாய்க்குள் திறந்ததாகவே கணக்கு. வாய்க் கிருமிகள் நேரே எலும்புக்குள் போகும். எனவே ஆன்டிபயாடிக் உடனே தொடங்க வேண்டும், டெட்டனஸ் தடுப்பூசி நிலையைப் பார்க்க வேண்டும். அறுவையைச் சில நாள் தள்ளிப்போடுவது பொதுவாக முடிவைக் கெடுப்பதில்லை, கிருமித்தொற்றுதான் கெடுக்கும். முறிவுக்கோட்டில் இருக்கும் பல்லை எல்லாருக்கும் பிடுங்குவதில்லை. வேர் உடைந்திருந்தாலோ, அதிகம் ஆடினாலோ, சீழ் வைத்திருந்தாலோ, எலும்பைச் சேர்க்க விடாமல் தடுத்தாலோதான் எடுப்பார்கள்.

பழைய, இன்றும் பயன்படும் வழி, மேல் கீழ்ப் பல்வரிசைகளைப் பூட்டிவைப்பது. வளைக்கக்கூடிய ஆர்ச் பார் பட்டையை அரை மில்லிமீட்டர் அளவுள்ள துருப்பிடிக்காத எஃகுக் கம்பியால் ஒவ்வொரு பல்லோடும் கட்டி, இரண்டு பட்டைகளையும் கம்பியாலோ எலாஸ்டிக்காலோ இணைப்பார்கள். பெரியவர்களுக்கு நான்கு முதல் ஆறு வாரம், குழந்தைகளுக்கு இரண்டு மூன்று வாரம்.

அடுத்தது தகடு. கடிக்கும்போது முறிவின் மேல் விளிம்பு விரியப் பார்க்கும், கீழ் விளிம்பு நெருங்கும். விரியும் பக்கத்தைப் பிடித்துவிட்டால் கடிக்கும் விசையே கீழ்ப்பக்கத்தை அழுத்திச் சேர்த்துவிடும். பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் மாக்சிம் ஷாம்பி குழுவினர் 1970களில், தகடு வைக்க ஏற்ற கோடுகளை இந்த அடிப்படையில் வரைந்து காட்டினார்கள். ஏறக்குறைய 1 மி.மீ. தடிமனுள்ள சிறு டைட்டானியம் தகடு, 2 மி.மீ. விட்டமுள்ள திருகுகளோடு, சரியான கோட்டில் வைத்தால் தாங்கும். திருகுகள் வெளிப்புறக் கெட்டி எலும்பை மட்டும் பிடிப்பதால் பல்வேரும் நரம்பும் தப்பும். கோணத்தில் ஒரு தகடு போதும். முன்பகுதியில் மெல்லும்போது முறுக்கும் விசையும் சேர்வதால், 4 அல்லது 5 மி.மீ. இடைவெளியில் இரண்டு வேண்டும். எலும்பு நொறுங்கியிருந்தாலோ ஒரு துண்டே காணாமல் போயிருந்தாலோ இந்தத் தத்துவம் செல்லாது. நெருங்கி விசையைப் பங்கிட அங்கே எலும்பே இல்லையே. முழுச் சுமையையும் தானே சுமக்கும் தடித்த தகட்டை, ஒவ்வொரு பக்கமும் குறைந்தது மூன்று திருகுகளோடு பொருத்த வேண்டும். பற்கள் உதிர்ந்து எலும்பு மெலிந்த முதியவர்களுக்கும் அதுவே.

அடிக்கடி நடக்கும் பிழை, தகட்டை எலும்பின் வளைவுக்குச் சரியாக வளைக்காமல் திருகை இறுக்குவது. திருகு எலும்பைத் தகட்டை நோக்கி இழுத்துவிடும். நடு மோவாயில் இப்படி நடந்தால் வெளிப்புறம் ஒட்டி, உட்புறம் வாய் பிளக்கும். தாடையின் இரு கோணங்களும் அகன்று முகமே விரிந்துபோகும். இரண்டு குமிழ்களும் ஒடிந்தவருக்கு இந்த ஆபத்து மிக அதிகம். தகட்டைத் தேவைக்குச் சற்று அதிகமாக வளைத்து, உதவியாளர் இரு கோணங்களையும் உள்ளே அழுத்திப் பிடித்திருக்கும்போது இறுக்குவதே தீர்வு.

குமிழ் முறிவில் கருத்து வேறுபாடு நீண்ட காலமாக உண்டு. திறந்து தகடு வைத்தால் தாடையின் உயரம் மீளும், ஆனால் முகத்தை அசைக்கும் நரம்பு வழியிலேயே இருக்கிறது. மூடிய முறையில் எலாஸ்டிக்கால் வழிநடத்திச் சீக்கிரமே பயிற்சி தொடங்கலாம். குழந்தைகளில் குமிழுக்குத் தன்னைத் தானே மீட்டுருவாக்கிக்கொள்ளும் திறன் இருப்பதால் பெரும்பாலும் அறுவை தேவைப்படாது. அவர்களை நீண்ட நாள் பூட்டிவைப்பதுதான் ஆபத்து. அசையாத மூட்டில் எலும்பு ஒட்டி வாய் திறக்காமல் போய், தாடை வளர்ச்சியும் நின்றுவிடலாம்.

முறிவே இல்லாமல் கொட்டாவியிலோ நெடுநேரப் பல் சிகிச்சையிலோ குமிழ் முன்னேயுள்ள மேட்டைத் தாண்டி நழுவி, வாய் திறந்தபடி பூட்டிக்கொள்வதும் உண்டு. தசை இறுகிப்போவதால் வாயை மூட முயன்றால் இன்னும் சிக்கும். துணி சுற்றிய கட்டைவிரல்களைக் கீழ்க்கடைவாய்ப் பற்களின் மேல் வைத்து, முதலில் கீழே அழுத்தி, பிறகு பின்னால் தள்ள வேண்டும். வரிசை மாறினால் குமிழ் மேட்டிலேயே மோதும். ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முந்தைய எகிப்தின் எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் சுவடியும் கட்டைவிரலை வாய்க்குள் வைத்துச் சரிசெய்யும் முறையையே விவரிக்கிறது. உள்ளே போகும் கணத்தில் தாடை பட்டென்று மூடும் என்பதால் விரலுக்குக் காப்பு அவசியம்.

வீட்டுக்குப் போன பிறகு

வாய் கம்பியால் பூட்டப்பட்டவரின் கைக்கெட்டும் தூரத்தில் கம்பி வெட்டும் கருவி எந்நேரமும் இருக்க வேண்டும், படுக்கும்போதும். வாந்தி வந்தால் முதலில் முன்னால் குனிய வேண்டும், பற்களின் இடுக்கு வழியாகத் திரவம் வெளியேறிவிடும். மூச்சு அடைத்தால் மேல் கீழ் இணைக்கும் கம்பிகளை மட்டும் வெட்ட வேண்டும். எவை என்று வீட்டிலிருப்பவருக்கும் மருத்துவமனையிலேயே காட்டித் தரச் சொல்லுங்கள். உணவு திரவமாகவே இருக்கும் என்பதால் எடை குறையும். புரதமும் கலோரியும் போதிய அளவு சேர, சிறு இடைவெளிகளில் குடிக்க வேண்டும். ஒவ்வொரு முறைக்குப் பிறகும் சிறு மென்தூரிகையால் பல் துலக்கி, குளோர்ஹெக்சிடின் என்னும் கிருமிநாசினி கொண்டு கொப்பளிக்க வேண்டும். புகைபிடிப்பவருக்குச் சீழ் பிடிப்பதும் எலும்பு ஒட்டாமல் போவதும் அதிகம்.

பூட்டை அவிழ்த்ததும் வாய் ஒரு விரல் அளவே திறக்கலாம், பயப்பட வேண்டியதில்லை. நாள்தோறும் பயிற்சி செய்து, பற்களுக்கிடையே 35 மி.மீ.க்கு மேல், சுமார் மூன்று விரல் அகலம், திறப்பதே இலக்கு. உதட்டின் மரப்பு வாரங்களிலோ மாதங்களிலோ குறையும், சிலருக்கு ஓரளவு தங்கிவிடும். ஆனால் வீக்கம் வற்றிய பின் மீண்டும் வீங்கினால், கெட்ட வாடையோ சீழோ வந்தால், தகடு இருக்குமிடம் அசைவதுபோல் தோன்றினால், சரியாகச் சேர்ந்த பற்கள் மறுபடி தவறிக் கடித்தால், அடுத்த சந்திப்புத் தேதி வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.