சொல் விளக்கம்: டயாலிசிஸ்

சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குச் செய்கிற டயாலிசிஸுக்கு ‘இரத்த சுத்திகரிப்பு’ என்று ஒரு சொல் ஊரெல்லாம் புழங்குகிறது. நாளிதழில் வருகிறது, ஆஸ்பத்திரிப் பலகையில் வருகிறது. சிறுநீரக மருத்துவர்கள் பொதுமக்களின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்லும் கூட்டங்களில் கொடுக்கிற துண்டறிக்கையில் தவறாமல் வருகிறது. அண்மையில் கீழக்கரையில் நடந்த அப்படியொரு கூட்டத்தில் மேடைப் பதாகையிலேயே கொட்டை எழுத்தில் இருந்தது. நடுவில் ‘ச்’ விடுபட்டதைப் பற்றி நான் பேச வரவில்லை. ஒற்றைப் போட்டாலும் அந்தச் சொல் தப்புதான்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கிரேக்கத்தில் ‘டயா’ என்றால் ஊடே; ‘லிசிஸ்’ என்றால் அவிழ்த்தல், பிரித்தல். ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிரகாம் 1861-இல், சவ்வு ஒன்றை நடுவில் வைத்துக் கரைசலில் இருப்பவற்றைப் பிரித்துக் காட்டி, அந்த முறைக்கு இந்தப் பெயரை வைத்தார். மருத்துவத்தில் அது நிலைகொள்ள மேலும் 80 ஆண்டுகள் ஆயின. ஜெர்மானியர் பிடியில் இருந்த நெதர்லாந்தில் 1943-இல் வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர், இறைச்சி அடைக்கப் பயன்படும் செல்லோபேன் குழாயை ஓர் உருளையில் சுற்றி, நடைமுறைக்கு உதவும் இயந்திரத்தை உருவாக்கினார். இன்று செல்லோபேனுக்குப் பதிலாக மயிரிழை போன்ற ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள். வேலை என்னவோ அதேதான். குழாய்க்கு உள்ளே ரத்தம், வெளியே ஒரு கரைசல், இடையில் சவ்வு. யூரியா, கிரியாட்டினின் ஆகிய கழிவுகள், கூடுதல் பொட்டாசியம், மிகுதியான நீர் எல்லாம் சவ்வைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடும். ரத்த அணுக்களும் புரதமும் இந்தப் பக்கமே நிற்கும்.

பள்ளி வேதியியல் புத்தகத்தில் இதற்குக் ‘கூழ்மப்பிரிப்பு’ என்று பெயர். பெரிய துகள்கள் பரவி நிற்கும் கூழ்மக் கரைசலிலிருந்து உப்பை நீக்குகிற ஆய்வக வேலைக்கு அது பொருந்தும். கிரகாம் செய்ததும் அதைத்தான். ஆனால் நோயாளியின் ரத்தத்தில் கூழ்ம நிலையில் இருப்பது புரதம். அது வெளியேறவே கூடாது. சொல்லைக் கேட்கிறவருக்கோ அதைத்தான் பிரித்து எடுக்கிறார்கள் என்று தோன்றும். போதாக்குறைக்கு எங்கள் பக்கம் கூழ் என்றால் கேப்பைக்கூழ். சரி, இந்தச் சொல்லை யாரும் ஆஸ்பத்திரியில் பேசுவதில்லை என்பதால் பெரிய கெடுதல் இல்லை.

கெடுதல் ‘சுத்திகரிப்பில்’ இருக்கிறது. இந்தச் சொல் நமக்கு எதோடு பழக்கம்? கச்சா எண்ணெய், கழிவுநீர், குடிநீர். அழுக்கு இருக்கும், எடுத்தால் சுத்தம், வேலை முடிந்தது. ரத்தத்தோடு சேரும்போது இன்னொரு பழைய பொருளும் வந்து ஒட்டிக்கொள்கிறது. சொறி, கட்டி, பரு எது வந்தாலும் “ரத்தம் கெட்டுப்போச்சு, ரத்த சுத்திக்கு மருந்து சாப்பிடு” என்பது நாட்டு வைத்தியப் பேச்சு. இந்த இரண்டு பொருளையும் மனதில் வைத்துக்கொண்டுதான் நோயாளியின் வீட்டார் மருத்துவர் முன்னால் வந்து உட்காருகிறார்கள்.

கீழக்கரைக் கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து கேட்டார்: “எங்க மாப்பிள்ளைக்கு ஆறு மாசமா சுத்தம் பண்றாங்க டாக்டர். இன்னுமா ரத்தம் சுத்தமாகல?” கேள்வியில் ஒரு தப்பும் இல்லை. பதாகையில் போட்டிருந்ததை நம்பிக் கேட்டார். மருத்துவர் பொறுமையாகச் சொன்னார்: ரத்தத்தில் கோளாறு இல்லை, சிறுநீரகத்தில்தான். அது இரவு பகலாக ஓயாமல் செய்கிற வேலையை இயந்திரம் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, தடவைக்கு நாலு மணி நேரம் செய்கிறது. படுக்கையை விட்டு இறங்கியதுமே கழிவு மறுபடி சேரத் தொடங்கிவிடும். இரண்டு சிறுநீரகமும் நிரந்தரமாகப் போனவருக்கு, மாற்றுச் சிறுநீரகம் பொருத்தாத வரை இதை நிறுத்த முடியாது.

இன்னொருவர், “இவ்வளவு சுத்தம் பண்ணியும் ஏன் டாக்டர் ரத்தம் குறையுது?” என்றார். ரத்தம் ஊற வைக்கும் ஹார்மோன் ஒன்றைச் சிறுநீரகம்தான் சுரக்கிறது. இயந்திரத்தால் அது முடியாது, அதற்குத் தனியாக ஊசி போட வேண்டும். அடுத்தது தங்கச்சிமடத்திலிருந்து வந்த ஓர் அண்ணன். “நல்லா சுத்தமாயிருச்சுன்னா ஒரு வாரம் விட்டுட்டுக் கடலுக்குப் போயிட்டு வரலாமா?” விடக்கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுபோகும்; நீர் கோத்தால் மூச்சு முட்டும். இதே காரணத்துக்காகத்தான் இளநீர் வேண்டாம் என்கிறார்கள். “இளநீர் சுத்தமான பொருளாச்சே” என்று அதற்கும் ஒரு குரல் எழுந்தது. சுத்தம் என்ற சொல்லை நாம் கொடுத்துவிட்டோம், அவர்கள் அதை நியாயமாகவே எல்லா இடத்திலும் பொருத்திப் பார்க்கிறார்கள்.

பேச்சு வழக்கில் ‘ரத்தம் மாத்துறது’ என்றும் ஒன்று உண்டு. அது இன்னும் மோசம். யாருடைய ரத்தம், எந்த குரூப் என்று சொந்தக்காரர்கள் அலைய ஆரம்பித்துவிடுவார்கள். உடம்புக்கு வெளியே ஒரு நேரத்தில் இருப்பது சுமார் கால் லிட்டர் ரத்தம்தான். அவருடைய ரத்தமே அவருக்குத் திரும்பி வருகிறது.

“சுத்திகரிப்பு என்றால்தானே சனங்களுக்குப் புரியும்” என்று துண்டறிக்கை எழுதும் நண்பர் ஒருவர் என்னிடம் சண்டைக்கு வந்தார். புரிகிறது, மறுக்கவில்லை. என்ன புரிகிறது என்பதை மேலே சொன்ன கேள்விகளில் பார்த்துக்கொள்ளலாம். அப்புறம் அவரிடம் இன்னொன்று கேட்டேன். வயிற்றுக்குள் கரைசலை விட்டுச் செய்கிற முறை இருக்கிறதே, அதற்கு என்ன பேர் வைப்பீர்கள்? தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து அந்தக் கரைசல் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அதில் வயிற்றின் உள்சவ்வே வடிகட்டி. ஒரு சொட்டு ரத்தம்கூட வெளியே வராது. அதையும் ‘வீட்டிலேயே இரத்த சுத்திகரிப்பு’ என்று எழுதிவைத்தால், எந்தக் கையில் ஊசி குத்துவார்கள் என்று கேட்கத்தான் செய்வார்கள்.

தனித்தமிழ் அன்பர்கள் வடசொல்லை விரட்டி, ‘குருதித் தூய்மிப்பு’ என்கிறார்கள். சொல் மாறியது, பிழை மாறவில்லை. (தனித்தமிழில் அவ்வளவு அக்கறை என்றால் சிறுநீரகத்துக்கே குண்டிக்காய் என்ற நல்ல பழஞ்சொல் இருக்கிறது. ஆட்டுக்கறிக் கடையில் இன்றும் கூச்சமில்லாமல் சொல்கிறார்கள். அதை மீட்க ஒருவரும் வரமாட்டார்.)

எழுத்தில் நான் பரிந்துரைப்பது ‘சவ்வூடுபிரிப்பு’. ஊடே, பிரித்தல் என்ற கிரேக்கப் பொருள் அப்படியே இருக்கிறது. ‘சவ்வூடு பரவல்’ பள்ளியிலேயே படித்த சொல் என்பதால் அந்நியமாகத் தெரியாது. இரத்தச் சவ்வூடுபிரிப்பு, வயிற்றுச் சவ்வூடுபிரிப்பு என்று இரண்டு முறைக்கும் பெயர் வைக்கலாம். சவ்வு புரியுமா என்று கேட்கிறவர்கள் ராமநாதபுரம் கடற்கரையில் நாலு நாள் இருந்து பார்க்கட்டும். நிலத்தடி நீர் உப்பு. நரிப்பையூரில் கடல்நீரையே குடிநீராக்கினார்கள். வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. கேன். சவ்வுக்குத்தான் அங்கே மெம்பரேன் என்று பேர். “மெம்பரேன் போயிருச்சு” என்று மெக்கானிக் சொன்னால் பெரியபட்டினத்துப் பாட்டிக்கும் விளங்கும். ஒரு வித்தியாசத்தை மட்டும் சொல்லிவிட்டால் போதும்: ஆர்.ஓ.வில் அழுத்தம் தண்ணீரைத் தள்ளுகிறது, உப்பு தங்கிவிடுகிறது. இங்கே கழிவே சவ்வைத் தாண்டிப் போகிறது. பேச்சில் டயாலிசிஸ் என்றே சொல்லலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒரு பொருளும் தராத சொல், தப்பான பொருள் தரும் சொல்லைவிட ஆபத்து குறைந்தது.

மக்கள் தாங்களாகவே வைத்திருக்கும் ‘உப்பு’ என்ற சொல்லை நான் தொடமாட்டேன். “ரத்தத்துல உப்பு ஏறிப்போச்சு” என்றால் யூரியா, கிரியாட்டினின் கூடிவிட்டது என்று அர்த்தம். வாலிநோக்கம் உப்பளத்து உப்பு வேறு, இந்த உப்பு வேறு என்று மருத்துவர் ஒரு வரி சேர்த்துச் சொன்னால் போதும். அதற்காகக் கருவாடு சாப்பிடலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது தாகத்தைக் கிளப்பும், தண்ணீர் குடிக்க வைக்கும், உடம்பு வீங்கும்.

மொழிபெயர்ப்பாளர்கள் இந்த ஒரு சொல்லோடு விட்டார்களா? எலிக்காய்ச்சலிலோ கண்ணாடி விரியன் கடியிலோ சிறுநீரகம் திடீரென்று நின்றுபோவதை, ஆங்கிலத்து ‘அக்யூட்’டை அப்படியே பெயர்த்து, ‘கடுமையான சிறுநீரகப் பாதிப்பு’ என்று எழுதுகிறார்கள். அங்கே முக்கியம் கடுமை இல்லை, திடீர் என்பது. அப்படி நின்றது பல பேருக்குச் சில வாரங்களில் திரும்பிவிடும், டயாலிசிஸும் நின்றுவிடும். ‘கடுமையான’ என்று படித்த குடும்பமோ எல்லாம் முடிந்தது என்று அழுகிறது. சிறுநீரகவியல் (நெஃப்ராலஜி), சிறுநீரியல் (யூராலஜி) என்று இரண்டு துறைக்கும் ஓரிரு எழுத்து வித்தியாசத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள். வரிசை மாறி நிற்கிறவர்களை யார் குறை சொல்வது?

உச்சக்கட்டம், கையில் போடும் ஃபிஸ்டுலா. டயாலிசிஸுக்கு வசதியாகத் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைப்பது அது. மேலே விரல் வைத்தால் பூனை உறுமுவதுபோல் ஓர் அதிர்வு தெரியும். ஒரு துண்டறிக்கையில் அதைப் ‘பவுத்திரம்’ என்று போட்டிருந்தார்கள். ஆசனவாயில் வருகிற பவுத்திரம் கைக்கு எப்படி வந்தது என்று கேட்டால், அகராதியில் அப்படித்தான் இருக்கிறதாம். ‘ரத்தக்குழாய் இணைப்பு’ என்று எழுதினால் முடிந்தது. அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கக் கூடாது, கனமான குடத்தைத் தூக்கக் கூடாது என்று நோயாளி தெரிந்துகொள்ள வேண்டிய வரிகளைத்தான் அதே துண்டறிக்கையில் இடமில்லை என்று விட்டிருந்தார்கள்.