ஆணியில்லாமல் நிற்கும் கடைவீடு

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் லாவன்ஹம் என்று ஒரு சிற்றூர். 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் கம்பளித் துணி வணிகத்தில் பணம் கொழித்த ஊர். அன்று கட்டிய மரச்சட்ட வீடுகளும் கடைகளும் இன்றும் அங்கே இருக்கின்றன. பல வீடுகள் கோணல்மாணலாகத்தான் நிற்கின்றன.

கோணலுக்குப் பெரும்பாலும் காரணம் ஈரம். அன்றைய தச்சர்கள் ஓக் மரத்தை வெட்டிக் காயவைக்காமல் பச்சையாகவே செதுக்கினார்கள். காய்ந்த ஓக் உளியை மழுக்கிவிடும்; பச்சை ஓக் எளிதாக வெட்டுப்படும். கட்டிய பிறகுதான் மரம் காயும். நீளத்தில் அநேகமாகச் சுருங்காது, குறுக்குவாட்டில் சுருங்கும். அதிலும் மரத்தின் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில், நடுவிலிருந்து வெளிப்புறமாகப் போகும் திசையைவிடச் சுருக்கம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இப்படிச் சமமில்லாமல் சுருங்குவதால் தூண் முறுக்கிக்கொள்ளும், நீளவாக்கில் வெடிக்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் அந்த வெடிப்பால் வீட்டுக்கு அநேகமாக ஆபத்தில்லை.

சரி, சுருங்கும் மரத்தில் இணைப்பு எப்படி இறுகி நிற்கிறது? ஒரு கட்டையின் முனையை நாக்காகச் செதுக்கி, இன்னொன்றின் பள்ளத்தில் செருகுவார்கள். குறுக்கே துளை போட்டு மர முளை அடிக்க வேண்டும். தந்திரம் இங்கேதான்: நாக்கிலுள்ள துளையைச் சில மில்லிமீட்டர் நாக்கின் அடிப்பக்கமாகத் தள்ளிப் போடுவார்கள். துளைகள் நேருக்கு நேர் அமையாததால், அடிக்கப்படும் முளை லேசாக வளைந்து நாக்கைப் பள்ளத்துக்குள் இழுக்கும். இரும்பு ஆணி இதற்குச் சரிவராது. ஓக்கிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் ஈரத்தோடு சேர்ந்து இரும்பை அரித்து, மரத்தையும் கறுப்பாக்கிவிடும்.

பட்டறையிலேயே முழுச் சட்டத்தையும் தரையில் படுக்கவைத்துப் பொருத்திப் பார்ப்பார்கள். ஒவ்வொரு இணைப்பிலும் உளியால் ரோமன் எண்களைக் கீறுவார்கள். நான்கு என்றால் பெரும்பாலும் நான்கு கோடுகள்தான். அப்புறம் பிரித்து, மனைக்குக் கொண்டுபோய், எண்ணைப் பார்த்து நிறுத்துவார்கள்.

பாரம் முழுவதையும் சட்டமே தாங்குகிறது. இடையிலுள்ள சுவர், பிரம்புத் தட்டிபோல் முடைந்த குச்சிகளில் வைக்கோலும் சாணியும் கலந்த களிமண்ணை அப்பியது, அவ்வளவுதான். அதனால் தெருப்பக்கத்தில் ஓர் இடைவெளியை அடைக்காமல் விட்டால் அதுவே கடை. கண்ணாடி கிடையாது. கீழ்ப்பலகையை வெளிப்புறமாக மடக்கி இறக்கினால் சரக்கு பரப்பும் மேடை, இரவில் தூக்கிச் சாத்தினால் கதவு.

மேல்மாடி தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். கூடுதல் இடம், கொஞ்சம் பகட்டு, கீழே சரக்குக்கு மழை மறைப்பு. நீட்டிய நுனியில் மேல்சுவரின் எடை அழுத்துவதால், உள்ளே தரைச் சட்டங்கள் நடுவில் தொய்வதும் குறைகிறது. மூலையில் இரண்டு பக்கமும் நீட்ட வேண்டியிருந்தால், குறுக்காக ஒரு தடித்த உத்தரம் போட்டு இரு பக்கச் சட்டங்களையும் அதில் பொருத்துவார்கள். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்த மூலைதான்.

இந்த வீடுகளுக்குப் பெரிய எதிரி பிற்காலத்தில் நல்லெண்ணத்தோடு பூசிய சிமென்ட். களிமண்ணும் சுண்ணாம்பும் உள்ளே போன ஈரத்தை வெளியே விடும். சிமென்டோ விரிசல் வழியே நுழைந்த நீரை உள்ளேயே பிடித்துவைக்கும். முதலில் அழுகுவது பெரும்பாலும் தூண்கள் நிற்கும் அடிச்சட்டம். பழுதுபார்க்கும் தச்சர்கள் சிமென்டைக் கொத்தி எடுத்துவிட்டு, அழுகிய அளவுக்கு மட்டும் அறுத்து, அங்கே புது ஓக்கை ஒட்டுப்போடுகிறார்கள்.